அட்டவணை பொய்த்த பிற்பகல்: சேதன இரசாயனவியல் பற்றிய வாசகர் கேள்விகள்

பல்கலைக்கழக மாணவர்களின் படிப்பார்வம் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பகுதி, காபன் சேர்வைகளை ஆராயும் சேதன இரசாயனவியலைப் பற்றியவையாகவே இருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஒரு பாடத்தையே கற்பித்துவிட்டு இப்போது மட்டக்களப்பு வாவிக்கரையோரம் ஓய்ந்திருக்கிற ஒருவனிடம் வேறெதைத்தான் கேட்பார்கள்! ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கி, அவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: மதிப்புக்குரிய சேர், நான் இரண்டு ஆண்டுகளாக இரண்டாம் வருட மாணவர்களுக்குச் சேதன இரசாயனவியல் கற்பிக்கிறேன். வகுப்பில் நூற்றியிருபது பேர். முதல் இரண்டு வாரங்கள் மண்டபம் நிறைந்திருக்கும். ஆறாவது வாரத்தில் பின்வரிசைகள் வெறுமையாகிவிடும். வருகிறவர்களும் எழுதிக்கொள்வதோடு சரி. "இது பரீட்சைக்கு வருமா?" என்பதைத் தவிர அவர்களிடமிருந்து வேறு கேள்வி எழுவதில்லை. பாடத்தின் அருமையைப் பலமுறை எடுத்துச் சொல்லிவிட்டேன். இவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது?
– இளம் விரிவுரையாளர், கல்முனை

பதில்: தம்பி, அருமையை எடுத்துச் சொல்வதை முதலில் நிறுத்திவிடுங்கள். ஊக்கம் வந்தால் மாணவர் படிப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நான் கண்டவரையில் அந்த ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழாகவே இருக்கிறது. ஒரு வினாவைத் தானே செய்து, விடை சரியென்று தானே கண்டுகொண்ட பிள்ளைக்குத்தான் அடுத்த வினாவில் ஆசை பிறக்கிறது. அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977 இல் தன்திறன் நம்பிக்கை பற்றி எழுதியபோது, அந்த நம்பிக்கையின் ஊற்றுகளுள் வலிமையானது தானே செய்து வென்ற அனுபவம் என்றும், பிறர் சொல்லும் தேற்றுரைக்கு அத்தனை வலிமை இல்லை என்றும் குறிப்பிட்டார். ஆகவே, எப்படி ஊக்கப்படுத்துவது என்ற உங்கள் கேள்வியை, முதல் மூன்று வாரங்களுக்குள் ஒவ்வொரு மாணவருக்கும் நேர்மையான ஒரு வெற்றியை எப்படிக் கிடைக்கச் செய்வது என்று மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். நேர்மையான வெற்றி என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். எவரும் பிழைவிட முடியாத வினாவைக் கொடுத்துவிட்டுக் கைதட்டுவது வெற்றியாகாது. இருபது வயதுப் பிள்ளைகள் அந்த ஏமாற்றை உடனே கண்டுகொள்வார்கள்.

உங்களிடம் வருகிற மாணவர் எந்தப் பாதையால் வந்தவர் என்பதையும் பார்க்கவேண்டும். உயர்தர வகுப்பில் சேதனப் பகுதியை அவர் தாக்கங்களின் நீண்ட அட்டவணையாகவே சந்தித்திருக்கிறார். எந்தச் சேர்வையோடு எந்தச் சோதனைப்பொருள் சேர்ந்தால் என்ன விளையும் என்பது தனியார் வகுப்பில் கொடுத்த டியூட்டில் கட்டங்கட்டமாக அச்சிடப்பட்டிருந்தது. அதை மனனஞ்செய்து, கடந்தகால வினாத்தாள்களில் மாற்றல் வினாக்களை நூற்றுக்கணக்கில் செய்து பழகினார். நல்ல சித்தியும் பெற்றார். அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு நா எழாது. அந்த முறை அவருக்கு ஒருமுறை பலன் கொடுத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் தாக்கங்களின் எண்ணிக்கை பலமடங்காகப் பெருகும்போது அதே முறையைக் கையாண்டு, ஐந்தாவது ஆறாவது வாரத்தில் மூச்சுத்திணறி, "இது எனக்கு வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். உங்கள் பின்வரிசை வெறுமையாகும் வாரமும் அதுதான்.

இந்த முடிச்சை அவிழ்க்க நான் பல ஆண்டுகள் நடத்திவந்த ஒரு செய்முறை வகுப்பைச் சொல்கிறேன். லூக்காஸ் சோதனை உங்கள் மாணவர் எல்லோருக்கும் தெரியும்: நாகக் குளோரைட்டைச் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து எடுத்த சோதனைப்பொருளோடு அற்ககோலைச் சேர்த்தால், புடை அற்ககோல் (OH கூட்டம் ஏறிய காபனோடு வேறு மூன்று காபன்கள் இணைந்தது) உடனே கலங்கும், வழி அற்ககோல் (இரண்டு இணைந்தது) சில நிமிடங்களில் கலங்கும், முதல் அற்ககோல் (ஒன்று இணைந்தது) அறை வெப்பநிலையில் தெளிவாகவே இருக்கும். 1930 இல் ஹவார்ட் லூக்காஸ் வெளியிட்ட இந்தச் சோதனை நம் பிள்ளைகளின் அட்டவணையில் மூன்று வரியாக இருக்கிறது. முதலில் அந்த மூன்றையும் செய்யவைப்பேன்; எல்லாம் சொன்னபடியே நடக்கும், எவருக்கும் வியப்பு இராது. அதன்பின் நான்காவது குழாயை எடுத்து, பென்சைல் அற்ககோலின் கட்டமைப்பைப் பலகையில் வரைந்து, இது எவ்வகை அற்ககோல் என்று கேட்பேன். முதல் அற்ககோல் என்று மண்டபமே சொல்லும். என்ன நடக்குமென்று ஒவ்வொருவரும் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும். கையொப்பம் கேட்பது விளையாட்டுக்குத்தான். ஆனாலும் கையொப்பமிட்டவர் குழாயை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஏறக்குறைய எல்லோரும் "மாற்றமில்லை" என்று எழுதியிருப்பார்கள். இரண்டு துளி விட்டுக் குலுக்கினால் குழாய் கலங்கிவிடும்.

அந்த நேரத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கக்கூடாது. அதுதான் கடினம். ஓராண்டு பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "சேர், அது கரையாததாலும் கலங்கியிருக்கலாமே?" என்று கேட்டார். அந்தப் பருவம் முழுவதும் அவர் கேட்ட முதற்கேள்வி அது. அதைச் சோதிப்பது எப்படி என்று அவரிடமே கேட்டேன், சிறிது யோசித்து, அதே இரண்டு துளியை ஐந்து மில்லிலீற்றர் வெறும் நீரில் விட்டுக் குலுக்கினார், தெளிவாகக் கரைந்தது. ஆகவே கலங்கியது விளைபொருளான குளோரைட்டாகவே இருக்கவேண்டும். அப்படியானால் அட்டவணை ஏன் பொய்த்தது? புடை அற்ககோல் ஏன் விரைவானது என்பதற்கு மூன்று காபன்கள் தாங்கும் காபோகற்றயனின் (தாக்கத்தின் இடையில் தோன்றும், நேரேற்றமுள்ள காபனைக் கொண்ட துணிக்கையின்) உறுதிநிலையே காரணம் என்பதை அவர்களே மெல்ல எடுத்துச்சொல்லி, பென்சீன் வளையத்தின் பரிவும் (ஏற்றம் வளையமெங்கும் பரவி நிற்பதும்) அதே தாங்குதலைக் கொடுக்கும் என்ற இடத்துக்கு ஏறத்தாழ நாற்பது நிமிடங்களில் வந்துசேர்ந்தார்கள். விரிவுரையாக நடத்தியிருந்தால் அதை நான் நான்கு நிமிடத்தில் சொல்லி முடித்திருப்பேன். அவர்களும் நான்கு நாளில் மறந்திருப்பார்கள். அடுத்த வாரம் அலைல் அற்ககோலைப் பற்றிக் கேட்டபோது, குழாயைத் தொடாமலே பெரும்பாலானோர் சரியாக எதிர்வுகூறினர். நான் மேலே சொன்ன நேர்மையான வெற்றி அதுதான். (சோதனைப்பொருள் செறிந்த அமிலம் என்பதால் கண்ணாடியும் கையுறையும் அணிவிக்க மறக்கவேண்டாம்.)

நூற்றியிருபது பேருக்கு இது முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். செய்முறையில் குழுக்களாக முடியும்; விரிவுரை மண்டபத்திலும் இதன் சாரத்தைக் கொண்டுவரலாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தாக்கத்தை விளைபொருள் இல்லாமல் எழுதி, நான்கு விடைகளுள் ஒன்றுக்குக் கையுயர்த்தச் சொல்லுங்கள். விடை பிரிந்து நின்றால் அருகில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி மறுபடி கையுயர்த்தச் சொல்லுங்கள். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990 களின் தொடக்கத்திலிருந்து கையாண்ட வழி இது. ஸ்கொட் ஃபிரீமனும் அவருடைய குழுவினரும் 2014 இல் விஞ்ஞான, பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மாணவர் வகுப்பிலேயே எதையாவது செய்கிற முறையில் பரீட்சைப் புள்ளிகள் சராசரியாக ஏறத்தாழ 6 வீதம் உயர்ந்ததையும், வெறும் விரிவுரை கேட்டவர்கள் சித்தியெய்தாமற் போகும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு கூடியிருந்ததையும் கண்டார்கள். நம்மவர்களுக்கு இது புதிதல்ல என்றுகூடச் சொல்வேன். பரீட்சை நெருங்கும்போது விடுதிகளில் மூத்த மாணவர் இளையவர்களுக்கும், விளங்கியவர் விளங்காதவருக்கும் நடத்துகிற "குப்பி" வகுப்பு வேறென்ன? குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்திலிருந்து அந்தப் பெயர் வந்ததென்று சொல்வார்கள். வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் மட்டுமல்ல, இலங்கையின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் குப்பி இல்லாமல் பட்டம் பெற்றவர் அரிது. விரிவுரையில் தூங்குகிற மாணவர் இரவு பதினொரு மணிக்குக் குப்பியில் வாய்கிழிய வாதாடுவார். அந்தக் குப்பியைப் பரீட்சைக்கு முந்திய இரவிலிருந்து எடுத்து, செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை.

கேள்வி: எங்கள் துறையில் இரண்டாம் வருட மாணவர்களுக்கு உற்சாகம் ஊட்டுவதற்காகப் பிரபலமான ஒரு பேச்சாளரை அழைக்க எண்ணியிருக்கிறோம். உங்கள் கருத்து?
– விரிவுரையாளர், அக்கரைப்பற்று

பதில்: நல்ல பேச்சாளரென்றால் பிள்ளைகள் ஒரு மணிநேரம் சிரித்து மகிழ்வார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அவர்கள் திரும்பி வருவது உங்கள் வகுப்புக்குத்தான். அழைப்புக்குச் செலவாகும் பணத்தில் மூலக்கூற்று மாதிரியுருப் பெட்டிகள் சிலவற்றை வாங்க முடியுமானால், நான் பெட்டிகளின் பக்கம்.

கேள்வி: ஐயா, நான் உயர்தரம்வரை தமிழ்மொழி மூலம் படித்தேன். இங்கே எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு விளங்கிய பாடமே விளங்காததுபோல் ஆகிவிட்டது. விரிவுரையாளர் கேள்வி கேட்கும்போது விடை தெரிந்தாலும் சொல்ல வாய் வருவதில்லை. படிப்பில் இருந்த விருப்பமே குறைந்துவிட்டது.
– மாணவி, செங்கலடி

பதில்: மகள், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "விடை தெரிந்தாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள்; அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இருப்பது மொழித் தடை. அதை ஆர்வக்குறைவு என்று நீங்களும் உங்கள் ஆசிரியர்களும் பெயர்மாற்றி வைத்திருக்கிறீர்கள்.

தமிழில் படித்தது வீணாகவில்லை. "நியூக்ளியோபைல்" என்ற சொல்லை 1933 இல் கிறிஸ்தோபர் இங்கோல்ட் அறிமுகப்படுத்தினார்; கருவை விரும்புவது என்பது அதன் பொருள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவருக்குக்கூட அந்தச் சொல் எதையும் தானாகச் சொல்வதில்லை, ஏனெனில் அதன் வேர் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் இருக்கிறது. நீங்களோ "கருநாடி" என்று படித்தீர்கள். எதை நாடுகிறது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அப்படி நாடுவதற்கு அதனிடம் இலத்திரன் மிகுந்திருக்கவேண்டும் என்பதும் அடுத்த படியாக வந்துவிடும். "இலத்திரன்நாடி" என்பதும் அப்படியே. தலைப்புக்கு ஒரு பக்கமாக ஒரு கொப்பியில், ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்திலும் ஆங்கில எழுத்திலும் எழுதி, எதிரே தமிழ்ச் சொல்லையும், அந்தச் சொல் எந்தக் கட்டமைப்பில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று ஒரு படத்தையும் வரைந்து வையுங்கள். படம் இல்லாவிட்டால் அது வெறும் அகராதியாகிவிடும். சேதன இரசாயனவியலில் பாதிப் பேச்சு படத்தால் நடப்பது; இலத்திரன்கள் நகரும் திசையைக் காட்டும் ஒரு அம்புக்குறியைச் சரியாக வரைந்துவிட்டால் மூன்று வாக்கியங்களை மிச்சப்படுத்தலாம். வகுப்பில் வாய் வராத நாளில் எழுந்துபோய்ப் பலகையில் வரையுங்கள்.

உங்கள் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: அருகில் இருப்பவரோடு கலந்துபேசும் அந்த இரண்டு நிமிடத்தில் மாணவர் தமிழிலோ சிங்களத்திலோ பேசினால் தடுக்கவேண்டாம். சிந்தனை நடக்கட்டும், விடையை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: சேர், என் மகள் சிறுவயதிலிருந்தே டொக்டராக வேண்டுமென்று இருந்தவள். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி சிறிதளவில் தவறி, விஞ்ஞானப் பட்டப்படிப்புக்கு எடுபட்டிருக்கிறாள். இரசாயனவியல் புத்தகத்தைத் திறந்தாலே அழுகிறாள். என்ன சொல்லி அவளைத் தேற்றுவது?
– தந்தை, காத்தான்குடி

பதில்: நானா, இதுபோன்ற கடிதம் வேறு மூன்று வீடுகளிலிருந்தும் வந்திருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உயிரியல் பிரிவில் படிக்கிற பிள்ளைகளுக்கு வீடும் ஊரும் ஒரே ஒரு வாசலைத்தான் காட்டி வளர்க்கின்றன. அது மூடிக்கொண்டால் மற்ற வாசல்கள் சுவராகத் தெரிவதில் அதிசயமில்லை. ஆறுதல் சொல்வதற்கு அவசரப்படவேண்டாம். சில மாதங்கள் துக்கப்பட அவளுக்கு இடங்கொடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் "சிறிதளவில் தவறிவிட்டது" என்று நீங்கள் சொல்வதை நிறுத்தினாலே பாதிப் பாரம் குறையும். ஒவ்வொரு முறையும் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் மனம் ஆறுவதற்காக ஒன்றைச் சொல்கிறேன், மகளிடம் இப்போது சொல்லவேண்டாம். மலேரியாவுக்கு இன்று உலகம் முழுவதும் கொடுக்கப்படும் ஆட்டிமிசினின் வகை மருந்துகளுக்கு வழிதிறந்த சீனப் பெண்மணி தூ யூயூ மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர், மருந்தாக்கவியல் படித்தவர். மூலிகையைக் கொதிநீரில் இட்டு வடித்தபோது பயன் கிடைக்காமற் போனதற்கு வெப்பமே காரணமாகலாம் என்று ஊகித்து, தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஈதரால் அவர் 1971 இல் அதைப் பிரித்தெடுத்தார். வெப்பத்தில் குலைந்துபோகும் ஒரு பரஒட்சைட்டுப் பிணைப்பு (இரண்டு ஒட்சிசன்களுக்கிடையிலான பிணைப்பு) அந்த மூலக்கூற்றில் இருந்ததென்பது பின்னர் தெளிவாயிற்று. 2015 இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு மருத்துவத்துக்கானது. இதை ஏன் மகளிடம் சொல்லவேண்டாம் என்கிறேன் என்றால், புண்பட்ட பிள்ளைக்குப் பிறருடைய வெற்றிக்கதை இன்னொரு பாரமாகவே விழும். அவள் தானாக ஒரு நாள் வகுப்பில் நடந்த ஏதாவதொன்றைப் பற்றி உணவு மேசையில் பேசத் தொடங்குவாள். அன்றைக்கு இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: அன்றாட வாழ்க்கையோடு தொடர்புபடுத்திக் கற்பித்தால் மாணவருக்கு ஆர்வம் வரும் என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்கிறார்கள். நான் வாசனைத் திரவியம், மருந்து, பிளாத்திக்கு என்று உதாரணங்கள் சொல்கிறேன். ஒரு நிமிடம் கேட்கிறார்கள், பிறகு பழையபடிதான்.
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: ரீச்சர், நாம் உதாரணத்தைக் கறிவேப்பிலையாக்கி விடுகிறோம், தாளிக்கும்போது மணக்கிறது, சாப்பிடும்போது எடுத்து ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். உதாரணத்துக்குள் விடைகாண வேண்டிய ஒரு கேள்வி இருந்தால்தான் அது கறியாகும்.

கடல்மீன் வாங்கிவந்து சற்றுத் தாமதித்தால் எழுகிற வெடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மீனின் உடலிலுள்ள திரைமெதைல் அமீன் ஒட்சைட்டைப் பற்றீரியா திரைமெதைல் அமீனாக மாற்றுவதால் அந்த மணம் வருகிறது. உங்கள் மாணவரின் தாய்மார் எல்லோரும் அதற்குத் தேசிக்காய்ப் புளி விடுகிறார்கள். ஏன் மணம் குறைகிறது என்று கேளுங்கள். "புளி மணத்தை மறைக்கிறது" என்பார்கள். மறைக்கிறதா, மாற்றுகிறதா? எப்படிக் கண்டறிவது? நைதரசனிலுள்ள தனிச்சோடி இலத்திரன்கள் சித்திரிக் அமிலத்தின் புரோத்தனை நோக்கிப் போகின்றன என்று ஒரு அம்பு, ஒட்சிசன்-ஐதரசன் பிணைப்பின் இலத்திரன்கள் ஒட்சிசனுக்குத் திரும்புகின்றன என்று இன்னோர் அம்பு. விளைந்த உப்பு ஆவியாகாது, ஆகவே மூக்குக்கு எட்டாது. அப்படியானால் அந்த மீனில் சிறிது அப்பச்சோடா தூவினால் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு வகுப்பை முடித்துவிடுங்கள். வீட்டில் செய்துபார்த்து, தாயிடம் ஏச்சு வாங்கி வருகிறவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். வளைந்த அம்புக்குறியை இந்த மீனிலிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம். பாடநூல்கள் எங்கேயோ தொலைவில் தொடங்குகின்றன.

திண்மச் சமபகுதியத்துக்கு (அணுக்கள் ஒரே வரிசையில் இணைந்தும் வெளியில் அவை அமையும் விதம் வேறுபடுவதற்கு) நம் வீட்டுப் பழப்புளியே போதும். அதன் புளிப்புக்கு முதன்மையான காரணம் தாத்தாரிக் அமிலம். 1848 இல் லூயி பாஸ்ரர், அந்த அமிலத்தின், முனைவாக்கிய ஒளியின் தளத்தைச் சுழற்றாத வடிவத்திலிருந்து பெற்ற உப்பின் பளிங்குகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, வலக்கையும் இடக்கையும்போல ஆடி விம்பங்களாக இருந்த இரு வகைகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை ஒரு பக்கமும் மற்றையது எதிர்ப்பக்கமும் சுழற்றின. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. காபனின் நான்முகி வடிவத்தை வான்ற் ஹொவ்வும் லெ பெல்லும் முன்வைத்தது 1874 இல். அதாவது காரணம் தெரிவதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்ணால் கண்டுவிட்டார். மரத்துப் புளியில் இருப்பது அந்த இரண்டில் ஒரு கை மட்டுமே. மரம் எப்படி ஒரு கையை மட்டும் தெரிந்தெடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்; நொதியங்கள் வரையில் அந்தக் கேள்வி உங்கள் மாணவரை இழுத்துச் செல்லும்.

இன்னொன்று. தொடர்பை நாம் சொல்வதைவிட மாணவரே கண்டு எழுதுவது வலிமையானது. ஹல்மன், ஹரக்கிவிக்ஸ் ஆகிய இருவர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்துக்கும் தம் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பைத் தாமே எழுதிய உயர்நிலைப் பள்ளி விஞ்ஞான மாணவர்களுள், தமக்கு இப்பாடம் வராது என்று எண்ணியிருந்தவர்களுக்கே ஆர்வமும் புள்ளியும் கூடின. பருவத்துக்கு இரண்டு முறை அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒரு வருடம் கஜு உடைக்கும் வீட்டிலிருந்து வந்த மாணவன், கோதின் எண்ணெய் பட்டுத் தன் தாயின் விரல்கள் பொக்களித்திருப்பதை எழுதி, அந்த எண்ணெயிலுள்ள அனகாடிக் அமிலத்தின் நீண்ட காபன் சங்கிலியையும் வளையத்தையும் வரைந்து, சவர்க்காரம் ஏன் அதை எளிதில் அகற்றுவதில்லை என்று என்னைக் கேட்டிருந்தான். அவனுக்கு விடை சொல்வதற்கு நான் நூலகத்துக்குப் போகவேண்டியிருந்தது.

கேள்வி: இரவிரவாகப் பொறிமுறைகளை (தாக்கம் படிப்படியாக நடக்கும் விதத்தை) பார்த்துப் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது, பரீட்சையில் வெறுமை. பிறகு மனம் விட்டுப்போகிறது.
– மாணவன், ஏறாவூர்

பதில்: பார்த்துப் படிக்கும்போது தெளிவாக இருப்பதுதான் உங்களை ஏமாற்றுகிறது, மகன். ரோடிகர், கார்ப்பிக்கி ஆகியோர் 2006 இல் செய்த சோதனையில், ஒரு பந்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாகச் சொன்னார்கள். ஆகவே கொப்பியை மூடிவிட்டு வெறுந்தாளில் வரையுங்கள். பிழைக்கும், பிழைத்த இடத்தைச் சிவப்பில் திருத்தி, மறுநாள் அதையே மறுபடி வரையுங்கள். ஒவ்வொரு அம்புக்கும் வாய்விட்டு ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: இந்த இலத்திரன்கள் எங்கிருந்து புறப்படுகின்றன, எங்கே போகின்றன, ஏன் அங்கே போகின்றன. அம்புகளைச் சரியாக வரைகிற பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கே பலவேளைகளில் அந்த அம்புகள் பொருளற்ற குறிகளாக இருந்ததை அமெரிக்காவில் பட்டாச்சார்யாவும் பொட்னரும் 2005 இல் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் தனியாக இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்குமேல் விழித்திருக்கவும் வேண்டாம்.

கேள்வி: முதற்சோதனையிலேயே கடினமான வினாத்தாள் கொடுத்தால் மாணவர் விழித்துக்கொள்வார்கள் என்று எங்கள் மூத்த விரிவுரையாளர் சொல்கிறார். சரியா?
– உதவி விரிவுரையாளர், சம்மாந்துறை

பதில்: சிலர் விழித்துக்கொள்வார்கள், பலர் படுத்துவிடுவார்கள். இரண்டாவது வாரத்திலேயே பத்துப் புள்ளிக்கு ஒரு சிறு சோதனை வைத்து, மூன்று நாளுக்குள் திருத்தி, எங்கே சிந்தனை வழுவியது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வினா கடினமாக இருப்பதில் பிழையில்லை. விடைத்தாள் இரண்டு மாதம் கழித்து வெறும் இலக்கத்தோடு வருவதில்தான் பிழை இருக்கிறது.

கேள்வி: செய்முறைக்கு இரசாயனப் பொருள்களே போதாமல் இருக்கின்றன. இருப்பதைக் கொண்டு மாணவர் விரும்பிச் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்வீர்களா?
– ஆய்வுகூடப் பொறுப்பாளர், மட்டக்களப்பு

பதில்: கடையில் கராம்பு வாங்குங்கள்; குழுவுக்குப் பத்துக் கிராம் போதும். கொதிநீராவியில் காய்ச்சி வடித்தால் யூஜினோல் என்ற எண்ணெய் பால்போன்ற வடிதிரவமாக நீரோடு வரும். குழுக்களிடம் பெயரைச் சொல்லவேண்டாம். மணத்தைக் கொண்டு முதல் நிமிடத்திலேயே அது எதிலிருந்து வந்ததென்று சொல்லிவிடுவார்கள், பல்லுவலிக்குப் பூசியது எல்லோருக்கும் நினைவிருக்கும். கட்டமைப்பைப் பற்றி என்ன சொல்லமுடியும் என்பதே அவர்களுக்கான வேலை. புரோமீன் நீரின் நிறம் நீங்குகிறது. இதிலிருந்து இரட்டைப் பிணைப்பு என்று ஒரு குழு முடிவுகட்டும். பீனோலும் (வளையத்தில் நேரடியாக OH ஏறிய சேர்வையும்) அப்படிச் செய்யுமே என்று இன்னொரு குழு மறுக்கும். சோடியம் ஐதரொட்சைட்டில் கரைந்து, அமிலம் விட்டதும் மறுபடி எண்ணெய்த்துளியாகப் பிரிகிறது. பெரிக் குளோரைட்டோடு நிறம் தருகிறது. இரட்டைப் பிணைப்பு, பீனோல் OH என்ற இரண்டு தொழிற்படு கூட்டங்களும் இருக்கலாமா, ஒன்றுதானா என்ற வழக்கு மூன்று மணிநேரம் நீளும். தீர்ப்பை நீங்கள் சொல்லவேண்டாம். இரட்டைப் பிணைப்பை மட்டும் தனியாக அறிவதற்கு என்ன சோதனை வேண்டும் என்று எழுதிவரச் சொல்லி அடுத்த வாரத்துக்கு ஒத்திவையுங்கள். கராம்பை முன்கூட்டியே இடித்துவைக்க மறக்கவேண்டாம்; முழுதாகப் போட்டால் எண்ணெய் வருவதற்குள் பேருந்து போய்விடும்.